பேச்சியம்மாளின் ஒன்பது ரெக்கார்டு பிளேயர்கள்

ரோட்டை நாலு வழியாக்க வந்தவர்கள் வேலாங்குறிச்சி பஜார் வீடுகளில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டுக்கொண்டே வந்தபோது, பேச்சியம்மாள் வீட்டில் அந்தக் கோடு நடுக்கூடத்தின் வழியாகப் போனது. கோட்டுக்கு முன்னால் இருப்பதெல்லாம் ரோட்டுக்கு, பின்னால் இருக்கிற அடுப்படியும் ஒரு சின்ன அறையும் உங்களுக்கு, ரெண்டு மாசத்தில் இடிப்போம், சாமான்களை ஒதுக்கிக்கிடுங்கம்மா என்று சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். அவள் வீட்டில் ஒதுக்குவதற்கு இருந்த சாமான் எழுபத்து மூன்று ரெக்கார்டு பிளேயர்கள். கைப்பெட்டி மாதிரி மூடி வைத்தவை, மரக்கால் முளைத்தவை, கைப்பிடியைச் சுற்றி முடுக்குகிறவை, ஆறு தட்டை அடுக்கினால் ஒன்றன்பின் ஒன்றாக விழுத்தாட்டிக் கொள்கிறவை என்று கட்டிலுக்கு அடியில், அரிசிப் பானை மேல், ஜன்னல் திட்டில், குளிக்கிற அறைப் பரணில்கூட அவை குந்தியிருந்தன. பின் அறையில் ஒரு கடப்பாக்கல் தட்டு இருந்தது. முழம் போட்டுப் பார்த்தாள். ஒன்பது வைக்கலாம், பத்தாவது விழுந்துவிடும்.

அவற்றில் ஒன்றைக்கூட அவள் கேட்டு வாங்கியதில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் சுயம்புலிங்கம் அந்த ஊருக்கு மைக் செட் போடுகிறவனாக இருந்தான். வைகுண்டமணி என்பவருடைய கல்யாண மண்டபத்தில் ஒரு முகூர்த்தத்தன்று தீப்பிடித்து மூன்று பேர் செத்துப்போனார்கள். மைக் செட் ஒயரில்தான் பொறி பறந்தது என்று ஏழு பேர் கோர்ட்டில் கூண்டேறிச் சொன்னார்கள். சுயம்புலிங்கத்துக்கு மூன்று வருஷம் போட்டார்கள். இரண்டாம் வருஷ மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிக் கிடக்கிறான் என்று தகவல் வந்து அவள் ஓடியபோது, வழியில் பஸ் பழுதாகி நின்று, அவள் போய்ச் சேர்கையில் பார்க்கிற நேரம் முடிந்திருந்தது. காலையில் வா என்றார்கள். காலையில் அவனைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் அவள் அவன் சொல்லிக்கொடுத்த கைவேலையை வைத்து மின்விசிறிக்குக் காயில் சுற்றி, மிக்சி பழுது பார்த்து வயிற்றைக் கழுவினாள்.

கேசட் வந்து, ஊரில் தட்டுச் சுழற்றுகிறவர்கள் குறைந்த சமயத்தில்தான், கணக்கு வாத்தியார் ஞானதிரவியம் பெட்ஷீட்டில் சுற்றிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றார். ஏழு சாட்சியில் அவர் ஒருவர். "வீட்ல சும்மா கெடக்கும்மா. உங்க வீட்டுக்காரர் கையால ரிப்பேர் பாத்தது. நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாய் வராதவர் அதற்குப் பதிலாக அந்தப் பெட்டியைக் கொண்டு வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. போலீஸ்காரர்கள் சாட்சிப் பொருளை வாங்கி வைப்பது போல வாங்கி வைத்தாள். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். பொய் சொன்னவர்கள், பொய் என்று தெரிந்தும் சும்மா இருந்தவர்கள், ஒரு பாவமும் அறியாமல் வீட்டில் இடம் அடைக்கிறதே என்று கொண்டு வந்தவர்கள். வராதவர் வைகுண்டமணி ஒருவர்தான்.

சிவப்புக் கோடு விழுந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வாக்கில், ஓடுகிறதை வைத்துக்கொண்டு ஓடாததைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்து அவள் முதல் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி, பிளக்கைச் சொருகி, இசைத்தட்டு எதுவும் போடாமல் வெறும் ரப்பர் விரிப்பின் மேலேயே முள்ளை வைத்தாள். கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு அதிலிருந்து பலசரக்குக் கடை சங்கரபாண்டியின் குரல், "அது போன மாசத்து வத்தல், அதைத் தொடாதீங்க, இந்தச் சாக்குல அள்ளுங்க" என்றது. நாலு வீடு தள்ளி இருந்த அவர் கடையில் அதே நிமிஷம் சங்கரபாண்டி மிளகாய் வத்தல் சாக்கைக் காட்டி வாயை வாயை அசைத்துக்கொண்டிருந்தார், சத்தம் வரவில்லை. அவள் முள்ளைத் தூக்கினாள். பெட்டியில் குரல் நின்றது. சங்கரபாண்டியின் தொண்டைக்கு அது திரும்பிப் போகவில்லை.

பேச்சியம்மாளுக்குப் பஜாரில் நடந்தது தெரியாது. பழைய பெட்டி பழைய பேச்சைப் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். சாயங்காலம் விளக்கேற்றுவதற்குள் எழுபத்து மூன்றையும் ஓட்டிப் பார்த்து முடித்திருந்தாள், ஊரில் எழுபத்து மூன்று பேர் ஊமையாகியிருந்தார்கள்.

முதல் இரண்டு நாள் ஊர் கொஞ்சம் அல்லாடியது. டாக்டர் ஒவ்வொரு வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். மூன்றாம் நாள், பெட்டி சுற்றினால் உடையவர் பேசலாம், ஆனால் குரல் பெட்டியில்தான் கேட்கும் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகு அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, குழாயில் தண்ணீர் வராத ஊரில் தண்ணீர் இருக்கிற தெருவுக்குக் குடம் தூக்கிப் போவதில்லையா, அது போலப் பேச வேண்டியவர்கள் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனார்கள். அவள் வாசலில் பந்தல் போட்டார்கள், பெஞ்சு போட்டார்கள், டீக்கடைக்காரர் ஒரு பாய்லரை அங்கேயே கொண்டு வந்து வைத்தார். லைன்மேன் அந்தத் தெருவுக்கு மட்டும் கரண்டை நிறுத்துவதில்லை என்று தானாகவே முடிவெடுத்தார். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணை வீட்டில் பார்த்துவிட்டு, பெண்ணின் அப்பாவிடம் பேச பேச்சியம்மாள் வாசலுக்கு வந்து பழத்தட்டோடு உட்கார்ந்தார்கள். இப்போது தலைமையாசிரியராகிவிட்ட ஞானதிரவியம் ஒன்பதாம் வகுப்பை வரிசையாக நடத்திக்கொண்டு வந்து பந்தலில் உட்காரவைத்து, கரும்பலகையில் அவர் எழுத எழுத, உள்ளே இருந்து அவர் குரல் தேற்றத்தைச் சொன்னது. "பேச்சி கையில பேச்சு போச்சு" என்று ஊரில் ஒரு சொலவடையே உண்டாகி, ஒரே வாரத்தில் பழசாகவும் ஆகிவிட்டது.

திரும்பக் கிடைக்கிற வழியும் தெரிந்தது. பேக்கரிக்காரர் மனைவி அழுது கேட்டதில் பேச்சியம்மாள், "சரி, எடுத்துட்டுப் போ" என்றாள்; பெட்டியோடு தன் வீட்டு நிலைப்படியைத் தாண்டியதுமே அந்தம்மாள் புருஷனை மூன்று நாள் பாக்கிக்கும் சேர்த்துத் திட்டியது தெருமுனை வரை கேட்டது. பேச்சியம்மாள் சொல்லாமல் சுவரேறிக் குதித்துத் தன் பெட்டியைத் தூக்கிப்போன ஒருவருக்கு வெறும் இரைச்சல் மட்டும்தான் வாயில் வந்தது. மறுநாளே கொண்டு வந்து வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தபடி நின்றார்.

ஆக, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது அவள் நாக்கில் இருந்தது. கடப்பாக்கல்லில் ஒன்பதுக்குத்தான் இடம். கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியாகச் சுற்றவிட்டு, உடையவரை எதிரே நிறுத்தி, ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"மண்டபத்துல தீப்பிடிச்ச அன்னிக்கு நீ எங்க இருந்த?"

"நான் அப்போ தூத்துக்குடில வேலைக்கு இருந்தேன் மதினி."

"எடுத்துட்டுப் போ."

"நான் பொறந்தே இருக்கலையே பெரியம்மா, இது எங்க அப்பா குடுத்தது."

"எடுத்துட்டுப் போ."

"பந்தில உக்காந்திருந்தேன். பாத்தேன். யாரும் என்னைய ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் சொல்லல."

இப்படிச் சொன்னவர்களை மட்டும் கொஞ்ச நாள் இழுத்தடித்துவிட்டு அனுப்பினாள். மூன்று வாரத்தில் அறுபத்து நாலு பெட்டிகள் வீடு திரும்பின. மிச்சம் ஒன்பதைக் கடப்பாக்கல்லில் அடுக்கினாள். ஏழு, கூண்டேறினவர்களுடையவை. எட்டாவது, சுயம்புலிங்கத்தின் உடல் தெருவுக்குள் வந்த காலையில் வேண்டுமென்றே வாசல் நிறையக் கோலம் போட்ட எதிர்வீட்டுக்காரியுடையது. ஒன்பதாவது, அவளை "கைதி பொண்டாட்டி" என்று பதினோரு வருஷம் கூப்பிட்ட லாரி புக்கிங் ஆபீஸ்காரருடையது. இடம் இருந்ததால் அவர்களையும் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் அவளுக்கு இருந்த ருசி முப்பது வருஷமாக அவள் எந்தச் சோற்றிலும் காணாத ருசி. ஞானதிரவியம் கோணத்தை வரைந்து, ஆகவே என்று ஆரம்பிக்கிற இடத்தில் முள்ளைத் தூக்கிவிடுவாள். நாற்பது பிள்ளைகள் முன்னால் அவர் சாக்பீஸோடு வாயைத் திறந்தபடி நிற்பதைக் கூடத்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கீரை ஆய்வாள். சங்கரபாண்டி கடைக்கு லாரிச் சரக்கு வந்து இறங்கி விலை பேசுகிற நேரம் பார்த்துக் குளிக்கப் போவாள். எதிர்வீட்டுக்காரிக்கு மாதம் ஒரு நாள், அதுவும் அமாவாசையன்று, கால் மணி நேரம். அவர்கள் கைகூப்பினால் அவள் பேசாமல் இருப்பாள். அவர்களைவிட அவளுக்குத்தான் பேசாமல் இருக்கிற பழக்கம் அதிகம்.

ஏழு பேரில் கடைசியானவர் சமையல்காரர் ஆறுமுகநயினார். அவர் சுயம்புலிங்கத்தின் கூட்டாளி. எந்தக் கல்யாணமானாலும் முதல் தோசையை மைக் செட்காரனுக்குத்தான் அனுப்புவார். கோர்ட்டில் எல்லோரையும்விடச் சத்தமாக அவர்தான் சொன்னார், ஒயரில் பொறி பறந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று. அவருடைய மனைவி வள்ளிநாயகம் ஒரு வருஷமாகப் படுக்கையில் கிடந்தாள், கண்ணும் போய்விட்டது. ஒரு மத்தியானம் ஆறுமுகநயினாரின் அண்ணன் மகள் மூச்சிறைக்க ஓடி வந்தாள்.

"பெரியம்மா, சித்திக்கு இழுத்துக்கிட்டு இருக்கு. கண்ணு தெரியல, சித்தப்பா கையப் புடிச்சா யாரு யாருன்னு கேக்கா. ஒரே ஒரு வார்த்த, நான்தாம்னு சித்தப்பா சொன்னாப் போதும். இதோ போனப் போட்டுப் பெட்டிகிட்ட வைக்கேன். சுச்ச மட்டும் போடுங்க."

பேச்சியம்மாள் கடப்பாக்கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். சுவிட்சின் மேல் விரலை வைத்தாள். பழுதாகி நின்ற பஸ்ஸும், அவள் இறங்கி நடந்த ரோடும், பூட்டியிருந்த பெரிய கதவும் அவளுக்கு முன்னால் வந்து நின்றன.

"நேரம் முடிஞ்சுபோச்சு. காலைல வாங்க" என்றாள்.

சாயங்காலத்துக்கு முன்னாலேயே வள்ளிநாயகம் போய்விட்டாள். யாரு யாரு என்று கேட்டுக்கொண்டேதான் போனாள் என்று ஊரில் சொன்னார்கள். பேச்சியம்மாள் துட்டிக்குப் போகவில்லை. மறுநாள் பந்தலில் ஆறுமுகநயினார் வந்து உட்கார்ந்திருந்தார். கைகூப்பவில்லை, உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பெட்டியைச் சுற்றவிட்டாள். பத்து நிமிஷம் சுற்றியது. அவர் வாயைத் திறக்கவே இல்லை. வெறும் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. அவள் எதிர்பார்த்த ருசி அன்றைக்கு வரவில்லை.

அந்த இரைச்சலுக்கு மேலாகத்தான் அவள் அந்தக் குரலைக் கேட்டாள். பஜாரின் அந்தக் கோடியில் வைகுண்டமணி கட்டி முடித்திருந்த புதிய மண்டபத்தில் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எழுபது வயதிலும் வெண்கலம் மாதிரி இருக்கிற அவர் குரல், "வர்ற வெள்ளிக்கிழம காலம்பற பத்து மணிக்கு ஊரே வரணும், இது நம்ம ஊரு மண்டபம், எனக்குன்னு நான் எதைச் சேத்தேன்" என்று கூரை கூரையாகத் தாவி வந்தது. உறுத்தியவன் பெட்டியைக் கொண்டு வந்தான், கொண்டு வந்தவன் குரலை இழந்தான். உறுத்தாதவன் கடைசி வரை ஒன்றும் கொண்டு வரவில்லை, அதனால் ஒன்றும் இழக்கவில்லை. இது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. முப்பது வருஷத்துக் கோபத்தை எடுத்துக் கண் தெரியாத ஒருத்தியின் சாவின் மேல் ஊற்றிவிட்டோமே என்று அவளுக்கும் உறுத்தியது. அந்த உறுத்தலும் கொஞ்ச நேரத்தில் கோபமாகத்தான் மாறியது.

ஏழு பேரையும் கூப்பிட்டனுப்பினாள்.

"வெள்ளிக்கிழம பத்து மணிக்கு, அன்னிக்குக் கோர்ட்ல என்ன சொன்னீங்கன்னு சொல்லணும். அப்புறம் என்ன பாத்தீங்கன்னு சொல்லணும். சொன்னா எடுத்துட்டுப் போலாம்."

ஞானதிரவியம் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: ஜெயிலில் போட்டுவிடுவார்கள் அம்மா.

"போடட்டும் சார். அங்க பாக்குற நேரம் எப்பன்னு நான் சொல்லித் தாரேன்" என்றாள்.

பரணில் கிடந்த சுயம்புலிங்கத்தின் நாலு குழாய் ஸ்பீக்கர்களை இறக்கிச் சாம்பல் போட்டுத் துலக்கி, இடிபடப் போகிற மொட்டை மாடியில் கம்பு நட்டு, நாலு திசைக்கும் ஒன்றாகக் கட்டினாள். அறுபது வயதில் அவள் ஏணியேறுவதை ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இவள் புருஷனும் இப்படித்தான் முடிச்சுப் போடுவான் என்று ஒருவர் சொன்னார். ஏழு பெட்டியிலிருந்தும் ஒயர் இழுத்து ஒரே ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை புதிய மண்டபத்தில் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. முந்நூறு இலை. வைகுண்டமணி பட்டு வேட்டியும் சந்தனமுமாக வரிசை வரிசையாகப் போய், "பாயாசம் விடுங்கப்பா, அண்ணாச்சிக்கு அப்பளம் வைங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு நாலு குழாயும் ஒரு தடவை கீச்சிட்டன. சங்கரபாண்டி பேசினார். ஞானதிரவியம் பேசினார். ஒவ்வொருவரும் ஒயர் என்று முதலில் சொன்னார்கள், ஒயர் இல்லை என்று பிறகு சொன்னார்கள். மண்டபத்தில் சோற்றில் இருந்த கைகள் சோற்றிலேயே நின்றன. கடைசியாக ஆறுமுகநயினார் பேசினார். மனைவி போன பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது.

"அடுப்படிக்குப் பின்னால ஒரு ரூம்பு. அதுல பதினாறு மூட்ட வெடி. தீபாவளிக்கு விக்கதுக்கு வைகுண்டமணி பதுக்கி வச்சது. லைசென்ஸ் கெடையாது. வேண்டாம் மொதலாளி, அடுப்பு பக்கத்துல இருக்குன்னு சொன்னேன். ஒன் வேலயப் பாருன்னாரு. என் அடுப்புல இருந்துதான் பொறி போச்சு. மைக் செட்டு மண்டபத்துக்கு அந்தப் பக்கம்லா இருந்துச்சு. சுயம்பு, நீ ஓடி வந்து ரெண்டு பிள்ளையள வெளிய தூக்குன. ஒன் கை வெந்துபோச்சு. அந்தக் கையத்தான் போலீஸ் சாட்சியாக் காட்டுச்சு. ஒயரப் புடிச்ச கைன்னு. நான் ஆமான்னேன்."

வைகுண்டமணி தன் மண்டபத்து மைக்கைப் பிடுங்கி, பொய், அத்தனையும் பொய், ஊமைப் பயல்கள் பேச்சைக் கேட்பீர்களா என்று கத்தினார். அவர் குரல் குழாய்களைவிட உரக்கத்தான் கேட்டது. பந்தியில் முதலில் எழுந்தது ஒரு கிழவர். தீயில் செத்த மூன்று பேரில் ஒருவரின் தம்பி. அவர் சாப்பிட்ட இலையைத் தன் பக்கமாக மடிக்காமல், இழவு வீட்டில் மடிக்கிற மாதிரி எதிர்ப்பக்கமாக மடித்து வைத்துவிட்டுப் போனார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அப்படியே மடித்தார். முந்நூறு இலையும் எதிர்ப்பக்கமாக மடிந்தன. கையைக் கழுவாமலே வெளியே வந்தார்கள்.

அன்று மத்தியானம் பேச்சியம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆறு பேர் வந்து பெட்டியை எடுத்துப்போனார்கள். கோலக்காரியையும் லாரி ஆபீஸ்காரரையும் கூடவே கூப்பிட்டு, "தூக்குங்க, அலுத்துப்போச்சு" என்று அனுப்பினாள். ஆறுமுகநயினார் வரவில்லை. அவர் பெட்டியை அவளே இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு நிலைப்படி தாண்டி, வள்ளிநாயகத்தின் படத்துக்குக் கீழே எரிகிற விளக்குக்குப் பக்கத்தில் இறக்கினாள். மூலையில் உட்கார்ந்திருந்த அவர் நிமிர்ந்து படத்தைப் பார்த்து, "நான்தாம்ட்டி" என்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று பேச்சியம்மாள் நின்றாள். தலை குனிந்தபடி திரும்பி நடந்தாள்; முப்பது வருஷத்தில் அந்த ஊர்த் தெருவில் அவள் தலை குனிந்து நடந்தது அன்றைக்கு மட்டும்தான்.

கேஸ் திரும்ப நடந்ததா, யாருக்கு என்ன தண்டனை என்பதெல்லாம் மெதுவாக நடக்கிற காரியங்கள். ஊர் தன் காரியத்தை உடனே செய்தது. வைகுண்டமணி பேசினால் யாரும் பதில் சொல்லவில்லை. சண்டை இல்லை, ஏச்சு இல்லை. அவர் கடையில் நின்று பொருள் கேட்டால் கடைக்காரர் அவருக்குப் பின்னால் நிற்கிறவரைப் பார்த்து, உங்களுக்கு என்ன வேணும் என்பார். பேரப்பிள்ளைகள் அவர் கூப்பிட்டால் காது கேளாதவர்கள் போல விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு மாதம் தாங்கினார். ஒரு நாள் காலை கார் பேச்சியம்மாள் வீட்டு முன்னால் வந்து நின்றது. மதுரைக்கு ஆளனுப்பித் தேடி வாங்கின, மூடி மினுமினுக்கிற ஒரு ரெக்கார்டு பிளேயரைத் தானே மார்போடு அணைத்துக்கொண்டு அவர் இறங்கினார்.

"தாயி, இதை வச்சுக்கோ" என்றார். "என் கொரல எடுத்துக்கோ. பேச்சு இல்லாதவன்னா பாவம் பாப்பாவ. பேசுதவன்ட்ட யாரும் பேசலன்னா அதை எப்படித் தாயி தாங்குறது? அவங்கள மாதிரி என்னையும் வச்சுக்கோ. வருசம் ஆனாலும் இருக்கேன். ஒரு நாளு எடுத்துட்டுப் போன்னு நீ சொன்னாப் போதும்."

அவள் கதவுநிலையில் நின்றாள். அவளுக்குப் பின்னால், திறந்திருந்த அறையில், துடைத்துவிட்ட கடப்பாக்கல் முழுசும் வெறுமையாக, வெயில் பட்டுப் பளபளத்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"இடமில்ல அண்ணாச்சி" என்றாள்.

"தாயி—"

"இடமில்ல."

அவர் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். அவள் அதைத் தூக்கிக்கொண்டு போய், கார்க் கதவைத் திறந்து, அவர் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில் வைத்து, கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"உங்க கொரலு உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். "நல்லாப் பேசுங்க. நாள் பூராப் பேசுங்க."

வீட்டின் முன்பாதியை இடித்தார்கள், ரோடு வந்தது, பஸ்கள் அவள் அடுப்படியை உரசிக்கொண்டு போயின. வைகுண்டமணி அதற்கப்புறம் ஒன்பது வருஷம் உயிரோடிருந்தார். ஊர் வழியாகப் போகிற வெளியூர்க்காரர்கள், காலியாகக் கிடக்கிற ஒரு பெரிய மண்டபத்து வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேசிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, இந்த வயதில் என்ன குரல் என்று வியப்பார்கள். கடைசி நாள் வரை அது கரகரக்கவில்லை, தழுதழுக்கவில்லை, ஒரு வார்த்தைகூடத் தெளிவில்லாமல் போகவில்லை.